கப்பலில் சமையல் வகுப்பு: காசு கொடுத்து அடுப்படியில் போய் நிற்கலாமா?

கரண்டி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். இன்னும் இரண்டு மாதத்தில் கப்பல் பயணம், ஒன்பது நாள், பணம் கட்டியாகிவிட்டது. அதில் மூன்று நாள் எந்தத் துறைமுகமும் கிடையாது, முழுக்கக் கடல். அந்த நாட்களில் சமையல் வகுப்பு உண்டு, தனிக் கட்டணம் என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். நான் சேரப் போகிறேன் என்றேன். வீட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: "வருஷம் முழுக்க இந்த அடுப்படியை விட்டு எப்போது வெளியே வருவோம் என்று புலம்புகிறாய், கரையை விட்டே கிளம்பின பிறகும் அடுப்படிக்கே காசு கட்டிப் போகிறாயா?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நிஜமாகவே நம் கையில் கரண்டியைக் கொடுப்பார்களா, இல்லை அவர் சமைக்க நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதானா? நான் முட்டை சாப்பிடுவேன், மீனும் இறைச்சியும் தொட மாட்டேன், அது தகராறு ஆகுமா? அப்புறம் கப்பல் ஆடும்போது கத்தியும் கொதிக்கிற பாத்திரமுமாக எப்படி நிற்பது?

சும்மா_வந்தவன்

நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. கப்பலில் காலையிலிருந்து ராத்திரி வரை யாரோ சமைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தட்டை எடுத்தோமா, சாப்பிட்டோமா, போய்க் கடலைப் பார்த்தோமா என்று இருங்கள்.

நங்கூரம்

கரண்டி அக்கா, நான் மூன்று தடவை சேர்ந்திருக்கிறேன், இரண்டு வெவ்வேறு கப்பல்களில். முதலில் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"சமையல் வகுப்பு" என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஒன்று மேடையில் செஃப் நின்று செய்ய, தலைக்கு மேலே கண்ணாடியிலோ திரையிலோ நாம் பார்ப்பது, கடைசியில் ஆளுக்கு ஒரு வாய் ருசி. பெரும்பாலும் இலவசம், கூட்டமும் சேரும். இன்னொன்று ஆளுக்கு ஒரு மேசை, அல்லது இரண்டு பேருக்கு ஒரு மேசை, அதில் அடுப்பு, பலகை, கத்தி எல்லாம் வைத்து நாமே செய்வது. இதற்குத்தான் காசு வாங்குவார்கள். காசும் வாங்கிக்கொண்டு பார்க்க மட்டும் வைக்கிற இடமும் உண்டு என்பதால், "எனக்குத் தனி அடுப்பு உண்டா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

பயணிகள் கையாலேயே சமைக்கிற முழு வகுப்பறை கப்பலுக்கு வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. ஓசியானியா நிறுவனத்தின் மரீனா கப்பல் 2011-இல் ஓட ஆரம்பித்தபோது அதை ஒரு பெரிய புதுமையாகச் சொன்னார்கள். ஒரு வகுப்புக்கு 24 பேர் வரை. அடுத்த வருடம் வந்த ரிவியேராவிலும் அதே ஏற்பாடு. ரீஜன்ட் நிறுவனம் 2016-இல் விட்ட எக்ஸ்ப்ளோரர் கப்பலில் 18 அடுப்பு மேசைகள். சில்வர்சீ 2021-இல் சில்வர் மூன் கப்பலில் சால்ட் லேப் என்று ஒன்று வைத்தார்கள், அங்கே கப்பல் போகிற பகுதியின் சமையலை ஒட்டித்தான் பாடம். ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்களில் அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் என்கிற டிவி சமையல் நிகழ்ச்சிக்காரர்களோடு கூட்டு சேர்ந்து 2016 வாக்கில் நடத்தியது பெரும்பாலும் மேடை நிகழ்ச்சிதான். இதெல்லாம் அடிக்கடி மாறுகிறது, உங்கள் பயணத் தேதிக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா_வந்தவன் சொல்வதற்கு ஒரு பதில். வீட்டில் நம்மை வதைப்பது சமையலா? எனக்கு இல்லை. இன்றைக்கு என்ன செய்வது என்று தினமும் யோசிப்பது, சாமான் வாங்கி வைப்பது, அப்புறம் அந்தப் பாத்திரக் குவியல். கப்பல் வகுப்பில் இந்த மூன்றும் கிடையாது. மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தால் முன்னால் இருந்த அழுக்குக் கிண்ணம் காணாமல் போயிருக்கும். முதல் தடவை நான் பழக்கதோஷத்தில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு குழாயைத் தேடினேன், உதவிக்கு நின்ற பெண் சிரித்துக்கொண்டே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்.

வெண்கலப்பானை

அந்தக் கடைசிப் பத்தியை அப்படியே உங்கள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள் கரண்டி. வழக்கு முடிந்தது.

உப்புக்கல்

ஆறு வருடம் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவன் நான். கப்பல்காரர்கள் சமையலறையை ஆங்கிலத்தில் கேலி (galley) என்றுதான் சொல்வார்கள், சேர்ந்த புதிதில் வீட்டுக்குப் போன் செய்து "நான் கேலியில் இருக்கிறேன்" என்று சொல்லி அம்மாவைக் கலங்கடித்த கதை தனி.

முதலில் ஒன்று: உங்களை அந்தக் கேலிக்குள் விட மாட்டார்கள். வகுப்பறை வேறு, எங்கள் சமையலறை வேறு. ஈரத் தரை, ஓடுகிற வண்டிகள், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் தட்டு போகிற இடம், அங்கே பயணி நின்றால் இரண்டு பக்கமும் ஆபத்து. சில கப்பல்களில் சுற்றிக் காட்டுவார்கள், அதுவும் அடுப்பு ஓய்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து.

வகுப்பறையில் தீ இருக்காது. எல்லாம் இண்டக்‌ஷன். நடுக்கடலில் தீ பிடித்தால் வெளியே ஓட இடம் இல்லை என்பதால் கப்பல்காரனுக்கு வெள்ளத்தைவிட நெருப்பின் மேல்தான் பயம் அதிகம். டைட்டானிக் 1912-இல் மூழ்கியதற்குப் பிறகு 1914-இல் எழுதிய சோலாஸ் என்கிற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறதே, இப்போது நடப்பில் இருப்பது 1974-இன் வடிவம், அதில் தீத்தடுப்புக்கென்றே ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. எண்ணெய்ச் சட்டிக்குத் தானாக அணைக்கும் கருவி வரை அதில் வரும். அதனால் வகுப்பில் நிறைய எண்ணெய் ஊற்றிப் பொரிக்கிற சமாசாரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கேஸ் அடுப்பில் பழகிய கைக்கு இண்டக்‌ஷன் முதலில் எரிச்சலாக இருக்கும். நாம் சட்டியைத் தூக்கிக் குலுக்குவோம், தூக்கிய நொடியில் சூடு நின்றுவிடும், சில அடுப்புகள் பீப் பீப் என்று கத்தும். சட்டியைத் தூக்காமல் தேய்த்தே ஆட்டப் பழகுங்கள். சூடு ஏறுவதும் சட்டென்று ஏறும், நான் பார்த்த வரையில் வகுப்பில் பாதிப் பேர் வெண்ணெயைக் கருக்கியது அதனால்தான். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி நிற்கச் சொல்வார்கள், அப்படி யாராவது கூட வருவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யட்டும்.

கை கழுவுவது பற்றி உயிரை எடுப்பார்கள், கோபப்படாதீர்கள். கப்பலில் நோரோ வைரஸ் வந்தால் வாந்தி பேதி ஒரே வாரத்தில் எல்லாத் தளத்துக்கும் பரவிவிடும். அந்தக் கிருமிக்கு ஜெல் சரிப்படாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகிற கப்பல்களில் சிடிசி என்கிற அந்த நாட்டு நோய்த்தடுப்பு அமைப்பின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிச் சோதிப்பார்கள், 1975-இல் ஆரம்பித்த திட்டம், நூற்றுக்கு 86 வாங்கினால்தான் தேர்ச்சி. அவர்கள் ஏறிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று எங்கள் தலைமை செஃப் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கரண்டி

உப்புக்கல் அண்ணா, நன்றி. நங்கூரம், நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "பாத்திரம் கழுவ ஆள் இருந்தால் நான்கூட சமைப்பேன்" என்றார். குறித்து வைத்துக்கொண்டேன்.

ஆட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

தலைசுற்றல்

அதை நான் சொல்கிறேன், அதற்கென்றே பிறந்தவள்.

எனக்குக் கப்பலில் முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் வகுப்பு. அறை மேல்தளத்தில், அழகான பெரிய ஜன்னல், எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். ஏப்ரன் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது, வாயில் உப்புத்தண்ணீர் ஊறியது. பக்கத்து மேசையில் வெண்ணெய் உருகுகிற வாசனை வந்தது பாருங்கள், அவ்வளவுதான். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

பிறகுதான் புரிந்தது. கப்பல் ஆடும்போது மேல்தளங்கள்தான் அதிகம் ஆடும், முன்னும் பின்னும் அதைவிட மோசம், கீழே நடுவில் இருப்பவர்களுக்குத்தான் நிம்மதி. வகுப்பறையோ பல கப்பல்களில் மேலே இருக்கிறது. போதாததற்குக் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருப்போம். உள்காது ஆடுகிறோம் என்கிறது, கண் பலகை அசையவில்லையே என்கிறது, இரண்டுக்கும் நடக்கிற சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் அடியில் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறார்கள், ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்குகிற ஆட்டத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த பயணத்தில் ஜன்னலைப் பார்த்த மாதிரி இருக்கிற மேசையைக் கேட்டு வாங்கினேன், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து தொடுவானத்தைப் பார்த்தேன். வெறும் வயிற்றோடு போகவில்லை. மாத்திரை போடுவதாக இருந்தால் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை. சிலதில் தூக்கம் வரும், தூக்கக் கலக்கத்தோடு கத்தி பிடிக்காதீர்கள், எது ஒத்துக்கொள்ளும் என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தத் தடவை முழு வகுப்பும் நின்றேன்!

உப்புக்கல்

ஈரத் துணியைப் பிழிந்து பலகைக்கு அடியில் விரித்துக்கொண்டால் பலகை நகராது. வகுப்பில் அவர்களே விரித்திருப்பார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் வைக்காதீர்கள். கத்தியைப் பலகையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி வைக்கவே வைக்காதீர்கள், விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலைப் பின்னால் எடுங்கள். ரொம்ப ஆடினால் அவர்களே வகுப்பைத் தள்ளிவைத்துவிடுவார்கள்.

திசைகாட்டி

எல்லோரும் புகழ்ந்து தள்ளுகிறீர்கள். நான் ஒரு வகுப்பு போனேன், ஏமாற்றம். எந்தக் கப்பல் என்று சொல்ல விரும்பவில்லை. எல்லாமே அளந்து சின்னச் சின்னக் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். பூண்டு உரித்து நறுக்கியிருந்தது. நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பாஸ்தா மாவு பிசையச் சொன்னார்கள், வேர்க்க விறுவிறுக்கப் பிசைந்தேன், "அருமை" என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மாவு அரைமணி ஊற வேண்டுமாம், அதனால் முன்பே ஊற வைத்த வேறு மாவைக் கொடுத்தார்கள். நான் பிசைந்தது எங்கே போனது என்று இன்று வரை தெரியாது. கடைசியில் சாப்பிட்டது யாரோ பிசைந்த மாவு, யாரோ காய்ச்சிய சாறு. கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மாற்றினதுதான் நான் செய்த சமையல். இரண்டு மணி நேரத்தில் இதற்கு மேல் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

சும்மா_வந்தவன்

திசைகாட்டி வாழ்க.

நங்கூரம்

திசைகாட்டி சொல்வது நிஜம்தான், மறுக்க மாட்டேன். எனக்கும் மாவு காணாமல் போயிருக்கிறது. ஆனால் நான் அங்கே செய்முறை கற்றுக்கொள்ளப் போகிறதில்லை, அது இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, அவர்களும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். காணொளியைப் பார்த்தால் வராதது ஒன்று உண்டு, கை செய்கிற தப்பை இன்னொரு கண் பார்த்துச் சொல்வது. நான் இருபது வருடமாகக் கத்தியின் முதுகில் ஆட்காட்டி விரலை நீட்டி வைத்துத்தான் நறுக்கிக்கொண்டிருந்தேன். செஃப் பின்னால் வந்து நின்றார், ஒன்றும் சொல்லாமல் என் விரலை எடுத்து அலகின் பக்கவாட்டில் வைத்தார், கட்டைவிரலை மறுபக்கம். அலகையே கிள்ளிப் பிடிக்கிற மாதிரி. இடது கை விரல்நுனிகளை உள்ளே மடக்கச் சொன்னார், மடங்கின கணுவில் அலகு உரசிக்கொண்டே இறங்க வேண்டும். மூன்று நிமிட வேலை. மறுநாள் முதல் எனக்கு மணிக்கட்டு வலி குறைந்துவிட்டது.

மாவைப் பிசைந்தபோதுகூடப் பாருங்கள், அது எப்போது போதும் என்பதைத் தாளில் எழுத முடியாது. விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலே எழும்பி வர வேண்டும் என்று சொல்லி, என் விரலைப் பிடித்து அவருடைய மாவில் ஒரு தடவை, என் மாவில் ஒரு தடவை அழுத்த வைத்தார். வித்தியாசம் அப்படியே கைக்குப் புரிந்தது. என் மாவு யார் வயிற்றுக்குப் போனால் எனக்கென்ன.

அதனால் கரண்டி அக்கா, பட்டியலில் பத்து வகுப்பு இருந்தால் "ஐந்து வகை விருந்து" மாதிரிப் பெயர் உள்ளதை விடுங்கள். கத்தி, சாஸ், மாவு என்று ஒரே வேலையைச் சுற்றி இருப்பதை எடுங்கள். துறைமுகம் இல்லாத நாளில் எடுங்கள், துறைமுக நாளில் எடுத்தால் மனசு கரையிலும் கை பலகையிலுமாக இருக்கும், அப்படித்தான் நான் விரலை வெட்டிக்கொண்டேன்.

வெண்கலப்பானை

சந்தைக்கும் கூட்டிப் போகிற வகை உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. வைகிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் கிச்சன் டேபிள் என்று ஒன்று, செஃபோடு காலையில் துறைமுக ஊரின் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி, சாயங்காலம் கப்பலில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது. நல்ல மீனின் கண்ணும் செவுளும் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த ஊர் மீன்காரர் கைச்சைகையிலேயே எங்களுக்குப் பாடம் எடுத்தார். கரண்டிக்கு மீன் ஆகாது, சரி, காய்க் கடையிலும் அதே கதைதான். ஆனால் கால் வலிக்கும், நாள் முழுக்கப் போய்விடும்.

சந்தையில் பழமோ காயோ வாங்கி அறைக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள், கப்பல் வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கப்பல் சாப்பாட்டைக் கரைக்கு எடுத்துப் போவதும் பல நாடுகளில் கூடாது. ஆசையாகக் கத்தி வாங்கினால் அதுவும் பயணம் முடியும்வரை அவர்கள் வசம்தான்.

கரண்டி

முட்டை உண்டு, மீன் இறைச்சி இல்லை என்பதற்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

உப்புக்கல்

பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், கப்பலில் ஏறின அன்றே மறுபடி ஒரு தடவை நேரில் சொல்லுங்கள். வகுப்புக்கு வந்து நின்றுகொண்டு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது, எல்லாம் அளந்து வைத்தாகிவிட்டது. இரண்டு பேருக்கு ஒரே மேசை என்றால் கூட நிற்பவர் அதே சட்டியில் இறால் போடுவார், தனி மேசையோ தனிச் சட்டியோ கேட்பதில் தப்பே இல்லை. ஒவ்வாமை இருப்பவர்கள் "வேண்டாம்" என்று சொல்லாமல் "ஒவ்வாமை" என்றே சொல்லுங்கள், இரண்டையும் சமையலறையில் வேறு வேறாகத்தான் கையாள்வார்கள். சாஸ் வகுப்பு இருந்தால் உங்களுக்கு அதுதான் தோது, முட்டையும் வெண்ணெயும்தான் பெரும்பாலும்.

இடம் இல்லை என்று சொன்னாலும் காத்திருப்பில் பேரைப் போடுங்கள். கடல் கொஞ்சம் கொந்தளித்தால் காலையில் நாலு பேர் கழன்றுகொள்வார்கள்.

தலைசுற்றல்

அந்த நாலு பேரில் ஒருத்தி நான்தான்.

கரண்டி (மூன்று மாதம் கழித்து)

போய் வந்துவிட்டேன். இழையை மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

சாஸ் வகுப்பில் காத்திருப்பில்தான் இருந்தேன், உப்புக்கல் அண்ணா சொன்ன மாதிரியே காலை எட்டு மணிக்கு அறைக்குப் போன் வந்தது, இரண்டு இடம் காலி என்று. இரண்டு! வீட்டுக்காரர் போர்வைக்குள் இருந்தார். பாத்திரம் கழுவ ஆள் உண்டு, நீங்களே சொன்ன வார்த்தை, எழுந்திருங்கள் என்றேன்.

ஹாலண்டேஸ் என்கிற சாஸ் செய்தோம். கொதிக்காமல் சுடுகிற தண்ணீர்மேல் கிண்ணம் வைத்து மஞ்சள்கருவை அடித்து, உருக்கின வெண்ணெயை நூல்மாதிரி ஊற்ற வேண்டும். நான் அடித்தேன், அவர் ஊற்றினார். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்ததா, இவர் அவசரப்பட்டாரா தெரியவில்லை (சாய்ந்தது என்று அவர் சொல்கிறார்), நூலாக ஊற்ற வேண்டிய வெண்ணெய் மொத்தமாகக் கவிழ்ந்தது. கண் எதிரிலேயே திரிந்து எண்ணெய் வேறு, குருணை வேறாக நின்றது. நான் அவரைப் பார்க்க, அவர் ஜன்னலைப் பார்த்தார். தலைசுற்றல் சொன்ன தொடுவானத்தைத்தான் பார்த்திருப்பார்.

செஃப் வந்தார். திட்டவில்லை, சந்தோஷப்பட்டார் என்றே சொல்வேன், எல்லோரையும் எங்கள் மேசைக்குக் கூப்பிட்டார். சுத்தமான இன்னொரு கிண்ணம், அதில் ஒரு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். திரிந்ததைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டு என்னை அடிக்கச் சொன்னார். முதலில் ஒன்றும் ஆகவில்லை, கை ஓய்ந்துபோனது. பிறகு விளிம்பிலிருந்து ஆரம்பித்து வழவழவென்று கூடி வந்தது. சூடு அதிகமானால் மஞ்சள்கரு வெந்து கட்டியாகிவிடும், அதைக் காப்பாற்ற முடியாது, ஆனால் திரிந்ததைத் திரும்பக் கூட்டலாம் என்றார். மற்ற மேசைகளில் எல்லோருக்கும் முதல் தடவையே நன்றாக வந்ததால் இதை அவர்கள் கையால் செய்து பார்க்கவே இல்லை.

வீட்டில் அதற்குப் பிறகு மூன்று தடவை செய்துவிட்டேன், இரண்டு தடவை திரிந்தது, இரண்டு தடவையும் கூட்டிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வீட்டுக்காரர் விரலால் தொட்டு நக்கிவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, இதை எதோடு சாப்பிடுவது?" என்று கேட்டார். வகுப்பில் என்ன கொடுத்தார்கள் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை, தாளையும் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். உப்புக்கல் அண்ணா?

உப்புக்கல்

வேகவைத்த எந்தக் காய்மேலும் ஊற்றலாம். ஆறுவதற்குள் சாப்பிடுங்கள், மீந்ததை எடுத்து வைத்து அடுத்த வேளைக்குச் சூடு பண்ணாதீர்கள்.

சும்மா_வந்தவன்

சரி, அந்தப் பாத்திரத்தை யார் கழுவினார்கள்?

கரண்டி

ஊற வைத்திருக்கிறது.